துடிக்கிறது, ஓடவில்லை

சென்ற வாரம் மார்லிஸை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனதோடு நிறுத்திவிட்டேன் என்று பலருக்கு என்மேல் கோபம். அந்தக் கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அதை வேறு ஒருவர்மேல் காட்ட வேண்டியிருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி. மார்லிஸ் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி யுஸ்லினாரின் வீட்டில்தான் இருக்கிறார். எங்கள் பாடாங் ஊரில் வீடு பெண்ணுடையது, புருஷன் அதில் வந்து தங்குகிறவன். அந்த வீட்டில் எதற்கும் முடிவு சொல்கிறவர் யுஸ்லினாரின் தம்பி, புரொபசர் புஸ்தானுல். ஊரிலேயே பெயர்பெற்ற இதய சர்ஜன். மார்லிஸின் மகள் ரெஸ்னித்தாவும் சர்ஜன்தான், தாய்மாமனுக்குக் கீழே அதே ஆஸ்பத்திரியில் வேலை. மாமா அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டு வந்து சபையில் அறிவித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மார்லிஸ் வாயைத் திறந்து, "அவளை ஒரு வார்த்தை கேக்கலாமே" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போன இடத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது.

பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். யார் செய்வது என்று எங்கள் ஆட்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வீட்டிலேயே சர்ஜனை வைத்துக்கொண்டு வெளியாளிடம் போனால் அது தாய்மாமன் முகத்தில் துப்புவதற்குச் சமம். மார்லிஸின் தங்கை டார்னிஸ் மட்டும் ஜகார்த்தாவுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவள் பேச்சு எடுபடவில்லை.

சொந்தக்காரர்மேல் சொந்தக்காரர் கத்தி வைக்கக் கூடாது என்று டாக்டர்களுக்கு எல்லா ஊரிலும் சொல்லித்தருகிறார்கள். எங்கள் ஊரிலும்தான். இங்கே அதைச் சொல்லித்தருகிறவரே புரொபசர் புஸ்தானுல்தான், அதுதான் வேடிக்கை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அடைத்துக் கிடந்த இடங்களைத் தாண்டி ரத்தம் போக மூன்று புது வழிகள் தைத்தாயிற்று. இரண்டுக்குக் காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாய். மூன்றாவது, இதயத்தின் முன்பக்கத்துக்குப் போவது, மார்புச் சுவரிலிருந்து இறக்கிய குழாய். அந்த மூன்றாவதுதான் முக்கியம். மற்றவை நாளடைவில் தேய்ந்தாலும் இது ஆயுசு முழுக்க நிற்க வேண்டும் என்றுதான் வைக்கிறார்கள்.

அதைத் தைக்கும்போது மாமா இரண்டு முறை விளக்கைத் திருப்பச் சொன்னார். திருப்பினார்கள். மறுபடியும் திருப்பச் சொன்னார். விளக்கில் ஒரு குறையும் இருப்பதாக ரெஸ்னித்தாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கியது. அதுவரை இதயத்துக்குப் பதிலாக ஓடிய மெஷினை நிறுத்தினார்கள். மயக்க மருந்து டாக்டர் டோகார் தலைமாட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோகார் வடக்கே ஏரிப் பக்கத்து பத்தாக் இனத்து ஆள். எங்களைப் போல வளைத்து வளைத்துப் பேச வராது. பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும்.

"புரொபசர், ஓட்டம் அளந்துடலாமா?" என்றாள் ரெஸ்னித்தா.

"எதுக்கு?"

"மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம்."

"உங்கப்பாங்கிறதனாலயா?"

"யாரா இருந்தாலும் பாக்கணும்."

மாமா முகமூடிக்குள் சிரித்தார். "எல்விரா, அந்தப் பொம்மையை எடுத்துட்டு வா. டாக்டரம்மா கொஞ்ச நேரம் விளையாடட்டும்."

நர்ஸ் எல்விரா மூலையில் துணி மூடிக் கிடந்த மெஷினை உருட்டிக்கொண்டு வந்தாள். தைத்த குழாயைச் சுற்றி ஒரு சின்னக் கொக்கியை மாட்டினால் அதற்குள் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று திரையில் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. யாரையும் அவமானப்படுத்துவது அதன் வேலையில்லை.

முதல் குழாய், ஐம்பது மில்லி. இரண்டாவது, நாற்பத்தைந்து. நல்ல ஓட்டம். மாமா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மூன்றாவதில் கொக்கியை மாட்டியதும் எல்விரா திரையைப் பார்த்தாள். ரெஸ்னித்தாவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"எவ்வளவுன்னு சொல்லு," என்றாள் ரெஸ்னித்தா.

"ஆறு, டாக்டர்."

ஒரு நிமிடத்துக்கு ஆறு மில்லி. இருமல் மருந்து மூடியில்கூட அதைவிட அதிகம் பிடிக்கும். திரையில் ஓடிய அலையும் சரியில்லை. சட்டென்று மேலே எகிறிச் சட்டென்று கீழே விழுந்தது. முன்னே போன ரத்தம் வழி கிடைக்காமல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"கொக்கிக்கு ஜெல் பத்தல," என்றார் மாமா.

ஜெல் தடவினார்கள். ஆறுதான்.

"குழாய்மேல கொழுப்பு ஒட்டியிருக்கு. அளவு எப்படி சரியா வரும்?"

கொக்கி உட்காரும் இடத்தில் கொழுப்பைச் சுத்தம் செய்தாள். ஆறு.

"பிரஷர் கம்மி."

"சராசரியே எண்பது இருக்கு புரொபசர்," என்றார் டோகார். "எனக்கே அவ்வளவு இருக்குமான்னு தெரியல."

"குழாய் சுருங்கியிருக்கும். தொட்டாலே சுருங்கும் அது."

சுருக்கம் விடும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தார்கள். மாமா சொன்ன காரணங்கள் எதுவும் பொய்க் காரணம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டம் குறைந்தால் இவற்றையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எதையும் விடவில்லை. பிறகு மறுபடி கொக்கியை மாட்டினாள்.

"ஏழு," என்றாள் எல்விரா.

"முன்னேற்றம்தான்," என்றார் டோகார்.

"தையல்லதான் கோளாறு, புரொபசர். பிரிச்சுப் பாக்கணும்," என்றாள் ரெஸ்னித்தா.

மாமா அவள் கையைப் பிடித்துக் குழாயின் மேல் வைத்தார். "விரலை வை. என்ன தெரியுது?"

"துடிக்குது."

"நல்லாத் துடிக்குதா?"

"நல்லாத் துடிக்குது."

"அப்புறம் என்ன? இந்த விரல்தான் இத்தனை வருஷமா எனக்கு மெஷின். இந்த டிவிப் பெட்டி நேத்து வந்தது."

"துடிக்குது. ஆனா ஓடல."

தோட்டத்துக் குழாயின் நுனியைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். குழாய் விம்மும், கையில் முட்டும். செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. அடைபட்ட குழாய்தான் விரலுக்கு இன்னும் பலமாகத் துடிக்கும். இது புரொபசருக்குத் தெரியாதா? தெரியும். மாணவர்களுக்கு அவரே சொல்லித்தந்திருப்பார். தன் தையல் என்று வரும்போது மட்டும் அது அவருக்கு மறந்துபோனது. எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. திறந்து கிடப்பது ஒரு மனிதனின் நெஞ்சு, இவருக்கோ தன் விரலின் மரியாதை பெரிதாகிவிட்டது.

"டோகார், மருந்து கொடு. மூடப் போறேன்," என்றார் மாமா.

அவர் கேட்டது ரத்தத்தை மறுபடி உறையவைக்கும் மருந்து. அதைக் கொடுத்துவிட்டால் மறுபடி இதய மெஷினில் போட்டுப் பிரித்துத் தைப்பது பெரும்பாடு. கதவைச் சாத்துகிற மாதிரிதான்.

டோகார் ஊசியைக் கையில் எடுக்கவில்லை. "பிரஷர் எனக்கு இன்னும் திருப்தியா இல்ல, புரொபசர்."

"இப்பத்தானே எண்பதுன்னே?"

"இப்ப எழுபத்தொம்பது."

"கிண்டலா?"

"நாங்க பத்தாக்காரங்க கிண்டல் பண்ணினா நீங்களே சிரிச்சிருப்பீங்க."

மாமாவின் கண்கள் முகமூடிக்கு மேலே சிவந்தன. அவர் ரெஸ்னித்தா பக்கம் திரும்பினார். "கையை எடு. நான் மூடிக்கிறேன்."

அவள் கை கொக்கியோடு அந்தக் குழாய்மேலேயே இருந்தது.

"மாமா..."

"இங்க நான் மாமா இல்ல."

"அப்ப நல்லதாப்போச்சு. மாமாவைத்தான் எதிர்த்துப் பேசக் கூடாது. புரொபசரைப் பேசலாம். தையல் தப்பு, புரொபசர். இப்படியே மூடினீங்கன்னா இன்னிக்கு வார்டுக்குப் போவார், சிரிப்பார், கஞ்சி குடிப்பார். அப்புறம் ஒரு நாள் கக்கூஸ்ல விழுந்து கிடப்பார். எல்லாரும் விதின்னுட்டுப் போயிடுவீங்க."

"இ.சி.ஜி. என்ன சொல்லுது? கோடு நல்லாத்தானே ஓடுது?"

"படுத்திருக்கிறவருக்கு ஓடும். எழுந்து மாடிப்படி ஏறட்டும், அப்ப பாருங்க."

"மொளைச்சு மூணு இலை விடல, எனக்கு நீ சொல்லித்தர்றியா? உன்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்ததே நான்."

"அதுக்காக எங்கப்பாவைக் குடுத்துட முடியாது."

கருவி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் தாய்மாமனை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. பேசியவள் அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சாவுக்கும் நிமிர்ந்து போக முடியாது. ரெஸ்னித்தாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரி டைரக்டரைக் கூப்பிடலாமே என்பீர்கள். டைரக்டர் இவரிடம் படித்தவர், இவரைக் கண்டால் சிகரெட்டை ஒளிக்கிறவர். ஊரிலேயே ஒருத்திக்குத்தான் இந்த மனிதரை அதட்டும் உரிமை உண்டு. அவள் இதுவரை ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தியதில்லை.

"எல்விரா," என்றாள் ரெஸ்னித்தா. "எங்கம்மாவுக்கு போன் போடு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வை."

கீழே காத்திருக்கும் கூடத்தில் இரண்டு பெஞ்சுகளில் இரண்டு குடும்பங்கள். ஒன்றில் யுஸ்லினாரின் ஆட்கள். எதிர்ப் பெஞ்சில் சோலோக் ஊரிலிருந்து வந்திருந்த மார்லிஸின் ஆட்கள், நடுவில் டார்னிஸ். இலைப் பொட்டலத்தில் சோறும் ரெண்டாங் கறியும் எல்லாருக்கும் போயிருந்தது. கொடுத்தது யுஸ்லினார் வீடு. அதையும் ஒரு குத்தலோடுதான் வாங்கிக்கொண்டிருந்தாள் டார்னிஸ்.

"கறி நல்லா இருக்கு அண்ணி. எங்கண்ணனுக்கு இதே மாதிரி கொழுப்பா போட்டுத்தானே வளத்தீங்க."

"உங்கண்ணன் சிகரெட்டை நானா வாங்கிக் கொடுத்தேன்?"

"எதையோ ஊதித்தானே அந்த வீட்ல மூச்சு விட வேண்டியிருந்தது."

"டார்னிஸ், அவர் உள்ள படுத்திருக்கார். இன்னிக்கு ஒரு நாளாவது வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

"நான் ஜகார்த்தான்னேன். யாரு கேட்டா?"

"என் தம்பி கைக்கு ஜகார்த்தாலேருந்தே ஆளு வருது," என்றாள் யுஸ்லினார். அதைச் சொல்லும்போது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. வாழ்நாள் முழுக்க அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வார்த்தை அது ஒன்றுதான்.

அப்போதுதான் பையில் போன் அடித்தது.

"அம்மா, நான் ரெஸ்னி. உள்ளேருந்து பேசறேன். மாமாவும் கேட்டுட்டு இருக்கார்."

யுஸ்லினார் போனை எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள், எதிர்ப் பெஞ்சுக்கும் கேட்டது. "அவருக்கு என்னம்மா ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகல. புதுசா தைச்ச குழாய்ல ஒண்ணுல ரத்தம் ஓடல. மெஷின்ல நல்லாத் தெரியுது. இப்பவே பிரிச்சு மறுபடி தைக்கணும். மாமா மாட்டேங்குறார். மூடுறேங்குறார்."

டார்னிஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எதிர்ப் பெஞ்சு முழுக்க யுஸ்லினாரைப் பார்த்தது. எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசலாமா என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்துபோனால் அதுவே ஒரு பதில். தன் வீட்டு ஆண்பிள்ளை தவறு செய்துவிட்டான் என்று புருஷன் வீட்டாருக்கு முன்னால் ஒப்புக்கொள்வது எங்கள் பெண்களுக்குச் சாவுக்கு அடுத்தபடி. அவள் அங்கேயே உட்கார்ந்தாள். பழக்கத்தில் வாய் தானாகப் பேசியது.

"மாமா சொன்னா சரியாத்தான்மா இருக்கும்."

"சரியாத்தான் இருக்கும்!" ரெஸ்னித்தாவின் குரல் உடைந்துகொண்டு வந்தது. "நான் பொறந்ததுலேருந்து இதையேதான் கேக்கறேன். அப்பா அந்த வீட்ல ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட மாமா வரட்டும்னீங்க. எனக்கு என்ன பேரு வெக்கணும்னு அவர் சொன்னப்பவும் மாமா வரட்டும்னீங்க. அவரும் சரி சரின்னு மூலைல உக்காந்து பேப்பர் படிச்சார். இன்னிக்கு அவர் நெஞ்சு திறந்து கிடக்கும்மா! என் கை இப்ப அவர் இதயத்து மேல இருக்கு! இதுக்கும் மாமா சொல்றதுதானா? அந்த மனுஷன் விருந்தாளியாவே செத்துடணுமா?"

"அக்கா," என்று மாமாவின் குரல் குறுக்கே வந்தது. "அவ பயத்துல உளர்றா. நீ போனை வை. நான் பாத்துக்கிறேன்."

யுஸ்லினார் போனை வைக்கவில்லை.

"அங்க வேற யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"டோகார் இருக்கேன்மா. மயக்க டாக்டர்."

"பிரிச்சா அவருக்கு ஆபத்தா?"

"கொஞ்சம் உண்டு. நேரமும் ஆகும். பிரிக்காம விட்டா ஆபத்து அதைவிடப் பெரிசு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் இதோ மருந்து கொடுக்காம உக்காந்திருக்கேன்மா. அதுதான் என்னால பண்ண முடிஞ்சது."

டார்னிஸ் மெதுவாக, "அண்ணி," என்றாள். அந்த ஒரு வார்த்தையில் குத்தல் இல்லை. பயம்தான் இருந்தது.

"தம்பி," என்றாள் யுஸ்லினார் போனில். "பிரி."

"அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது. என் கைய நம்பாம ஒரு பெட்டிய..."

"உன் கையை எனக்குத் தெரியும். நீ முதல்ல பேனா பிடிச்சப்போ நான்தான் அந்தக் கையைப் பிடிச்சேன். ஊரெல்லாம் அந்தக் கையைப் பத்திப் பீத்திக்கிட்டவளும் நான்தான்." அவள் குரல் மேலேறியது. இரண்டு பெஞ்சும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதையே அவள் மறந்துவிட்டாள். "இப்ப உன் கை எனக்கு வேணாம். எனக்கு என் புருஷன் வேணும். மெஷின் சொன்னது பொய்யா இருந்தா வெளில வந்து என்னை எவ்வளவு வேணாலும் திட்டு. நான் தலைகுனிஞ்சு கேட்டுக்கறேன். இப்ப பிரிச்சுப் பாரு. அக்கா சொல்றேன்."

பிறகு தொடர்பு அறுந்தது.

ஆபரேஷன் அறையில் மாமா அசையாமல் நின்றார். தன் அறையில், தன் ஆட்கள் முன்னால், தன் அக்காவின் அதட்டலை வாங்கிக்கொண்டு நின்றவரைப் பார்க்க எனக்குக்கூட ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான்.

"மெஷின்ல போடுங்க," என்றார் கடைசியில்.

மறுபடி ரத்தம் வெளி மெஷின் வழியாக ஓடத் தொடங்கியது. இதயம் அடங்கியது. மாமா தையலைப் பிரித்தார். குழாயின் நுனியை விலக்கியதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நுனியில் போட்ட தையல் எதிர்ச்சுவரையும் சேர்த்துக் கவ்வியிருந்தது. வாசலைச் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தார். ரத்தம் எப்படிப் போகும்?

டோகார்கூடப் பேசவில்லை.

மாமா புது ஊசியை வாங்கினார். குனிந்தார். இன்னும் குனிந்தார். "விளக்கைத் திருப்புங்க."

"விளக்கு சரியாத்தான் இருக்கு, மாமா," என்றாள் ரெஸ்னித்தா. சத்தம் போடாமல் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இங்கே நான் மாமா இல்லை என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. ஊசி பிடித்த கருவியை அவளிடம் நீட்டிவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

சொந்தக்காரர்மேல் சொந்தக்காரர் கத்தி வைக்கக் கூடாது என்று மேலே எழுதியது நான்தான். அதற்கு வேறு ஆளைத் தேட அங்கே நேரம் இல்லை. அவள் தைத்தாள். தையலுக்குத் தையல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தாள். அப்பாவின் முகம் திரைத்துணிக்கு அந்தப் பக்கம் இருந்தது, நல்லவேளை.

இதயத்தை மறுபடி துடிக்கவிட்டு, மெஷினை நிறுத்தி, கொக்கியை மாட்டினார்கள்.

"முப்பத்தெட்டு," என்றாள் எல்விரா. கொஞ்சம் பொறுத்து, "முப்பத்தெட்டுதான் டாக்டர், அப்படியே நிக்குது," என்றாள். அலை அகலமாக, நிதானமாக ஓடியது.

"இப்ப பிரஷர் எனக்குத் திருப்தி," என்று சொல்லி டோகார் ஊசியை எடுத்தார்.

மருந்து போனபிறகு இன்னொரு முறை அளந்தார்கள். ஓட்டம் குறையவில்லை. மாமா அதற்குள் வெளியே போய்விட்டார். நெஞ்சை மூடும் வேலையை ரெஸ்னித்தாவும் உதவி டாக்டரும் முடித்தார்கள்.

எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றும்போது எல்விரா பழக்கதோஷத்தில் அந்த மெஷின்மேல் துணியைப் போட்டு மூடினாள். ரெஸ்னித்தா அதைப் பார்த்தாள்.

"எப்பவும் அது மூடியேதான் இருக்குமா?"

எல்விரா தயங்கினாள். "நீங்க பயிற்சிக்குப் போயிருந்தீங்கல்ல டாக்டர். நோன்புப் பெருநாளுக்கு அப்புறம் புரொபசர் எடுக்க வேணாம்னுட்டார். வீணா நேரம் போகுதுன்னார்."

"யாருக்குமே அளக்கலையா?"

"இல்ல."

"நேத்து ஒரு பரியாமான் ஊரு மீனவருக்குப் பண்ணினாரே?"

"நேத்தும் எடுக்கல, டாக்டர்." எல்விராவின் கண் கலங்கியது. "நாங்க என்ன சொல்ல முடியும்?"

ரெஸ்னித்தா அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள். அப்பா பிழைத்த சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பெருநாளுக்குப் பிறகு அந்த மங்கிய கண்ணோடு எத்தனை பேருக்குத் தைத்திருப்பார்? அவர்களுக்கெல்லாம் மாமாவை அதட்ட ஓர் அக்கா இருந்தாளா?

அவள் கூடத்துக்கு வந்தபோது மாமா உடை மாற்றிக்கொண்டு ஏற்கனவே வந்துவிட்டிருந்தார். தலை படிய வாரியிருந்தார். இரண்டு பெஞ்சும் அவரைச் சூழ்ந்துகொண்டு நின்றது.

"அல்லாஹ் கிருபையால நல்லபடியா முடிஞ்சுது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நடுவுல ஒரு சின்னத் திருத்தம். எல்லா ஆபரேஷன்லயும் பண்றதுதான். சின்னப் பொண்ணு, அப்பாங்கிறதனால கொஞ்சம் பதறிட்டா. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

அப்பாடா என்று ஒரே குரலாக எழுந்தது. ஒவ்வொருவராக வந்து, பெரியவருக்குக் காட்டும் மரியாதையாக அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். டார்னிஸ்கூட நுனிவிரலால் தொட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். யுஸ்லினார் மட்டும் பெஞ்சைவிட்டு எழவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா ரெஸ்னித்தாவைக் கண்டார். முகம் மலர்ந்தது. எல்லார் முன்னாலும் கையை நீட்டினார். "வா வா. நீயும் நல்லாத்தான் உதவி பண்ணினே."

உதவி! அந்த வார்த்தையைக் கேட்டபோது அவள் காது சுட்டது. நீட்டிய கை அங்கேயே நின்றது. கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது. அவள் இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்பாவுக்கு அளந்தாச்சு, மாமா," என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது. "நேத்து ஒரு பரியாமான்காரருக்குத் தைச்சீங்களே, மேலே ஐ.சி.யூ.ல படுத்திருக்கார். அவருக்கு அளந்தீங்களா?"

நீட்டிய கை கொஞ்சம் கீழே இறங்கியது. யாரோ, "சபைல இதென்ன பேச்சு," என்று முணுமுணுத்தார்கள். இன்னொருவர், "பெரியவங்ககிட்ட..." என்று தொடங்கினார். மாமா அந்த ஆதரவை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். அக்கா பக்கம் திரும்பி, பார்த்தாயா உன் மகளை என்பதுபோலத் தலையை அசைத்தார்.

யுஸ்லினார் எழுந்தாள். மடியிலிருந்த துணிப்பையை பெஞ்சில் வைத்துவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அவ உன்னைத்தான் கேக்குறா, தம்பி," என்றாள். "பதில் சொல்லு."